பிளாஸ்திரிக்கு அடியில் ஒரு வரி

எங்கள் சுகாதார நிலையத்தில் பெருக்கித் துடைப்பது என் வேலை. நர்ஸம்மாவைத் தவிர அங்கே வேறு ஆள் இல்லை. டாக்டர் எப்போதாவது வருவார்.

எந்த நோய்க்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக அச்சடித்த தாள்கள் மேலிடத்திலிருந்து வந்தன. நர்ஸம்மா அவற்றைச் சுவரில் ஒட்டினார். எங்களிடம் இல்லாத பொருளைச் சொல்லும் வரிகளை வெள்ளைப் பிளாஸ்திரியால் மூடினார். பொருள் வந்தால் உரிப்பார், தீர்ந்தால் ஒட்டுவார். "சுவத்துக்கே காயம் கட்டுற மகராசி" என்று ஊரே சிரிக்கும். அவரும் சிரிப்பார். சாயங்காலம் நான் கிளம்பியதும் பின்னறையில் ஒரு கட்டில், ஒரு தட்டு, அவர்.

ஒரு மழைநாளில் பஞ்சர் கடைக்காரர் தன் ஒரே மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. நர்ஸம்மா சுவரைப் பார்த்துப் பார்த்து ஊசி போட்டார், மூக்கைச் சுத்தம் செய்தார், அப்பா மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தார், பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி சொன்னார்.

வண்டிக்குக் காத்திருக்கையில் கடைக்காரர் கண் சுவருக்குப் போயிற்று.

"சிஸ்டர், அந்த ஒட்டுக்குக் கீழ என்ன? ஏழைக்குக் குடுக்கக் கூடாத மருந்தா?"

நர்ஸம்மா உரித்துக் காட்டினார். ஆக்சிஜன் கொடுக்கவும் என்றிருந்தது.

"அப்பக் குடுங்க!"

"இங்க இல்லண்ணா."

"இல்லாததை எதுக்கு மறைக்கணும்?"

"அதையே பாத்துக்கிட்டிருந்தா, இருக்கறதைச் செய்யக் கை ஓட மாட்டேங்குதுண்ணா."

வண்டி வந்தது, போயிற்று. அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. பஞ்சர் கடை பூட்டியே கிடந்தது. நர்ஸம்மா அந்த வரியைத் திரும்ப மூடவில்லை. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் ஆண்டவனை வேண்டிக்கொண்டே பெருக்கினேன்.

ஒருநாள் காலை ஓடிப்போய்ச் சொன்னேன்: "நர்ஸம்மா, கடை திறந்திருக்கு!"

இருவரும் போனோம். நர்ஸம்மா சாலைக்கு எதிர்ப்பக்கமே நின்றுவிட்டார்.

"நீங்க போய்க் கேளுங்கக்கா."

"எனக்கும் கால் வரலம்மா."

கடைக்காரர் குனிந்து டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே கம்பியில் ஒரு சின்னக் கவுன். சேறு முழுதாகப் போகவில்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சேத்துல விளையாடியிருக்கா" என்றார் நர்ஸம்மா.

"உள்ள போய் ஒரு வார்த்தை?"

"பாத்தாச்சுல்லக்கா. வாங்க."

கடைக்காரர் எங்களைப் பார்க்கவேயில்லை. திரும்பி வந்ததும் நர்ஸம்மா புதுப் பிளாஸ்திரி வெட்டி அந்த வரியின்மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார். நான் ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். நர்ஸம்மாவுக்குத்தான் நன்றி சொல்ல யாரும் வரவில்லை.