மூன்று நாள் வெப்பநிலை

குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலைத் தாளில் மூன்று பொய் இலக்கங்களை எழுதினேன். ஞாயிறு நான்கு, திங்கள் ஐந்து, செவ்வாய் நான்கு. அந்த மூன்று நாளும் பெட்டி ஓடவேயில்லை. உள்ளே இருந்த மருந்து கெட்டிருக்கலாம் என்று தெரிந்துகொண்டே, அதைச் சண்டை நடக்கும் நாடொன்றில் சுமை சுமக்கும் கழுதைகளுக்கு அனுப்பினேன். பழி வேறொருத்தியின் தலையில் விழுந்தபோது வாய் திறக்கவில்லை. நான் செய்தது இவ்வளவுதான். எப்படி நடந்தது என்பதை மட்டும் இனி எழுதுகிறேன்.

எழுபதுகளில் நாங்கள் மெல்பேர்னில் இருந்தோம். இலங்கையில் நான் மிருக வைத்தியர். இங்கே என் பட்டம் செல்லவில்லை. பரீட்சை எழுதவேண்டும், அதற்கு உள்ளூர் மிருக வைத்தியர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்றார்கள். பகலில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். மாலையில் படித்தேன்.

சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொன்னவர் ஓய்வுபெற்ற முதிய வைத்தியர். அவர் தலைமையில் ஒரு சிறிய குழு இருந்தது. உள்நாட்டுச் சண்டையில் சிக்கிய ஒரு மலைநாட்டுக்கு அது ஒரு பழைய வான் வண்டியை அனுப்பி, ஊர் ஊராகப் போய்க் கழுதைகளுக்கும் குதிரைகளுக்கும் இலவசமாக வைத்தியம் செய்தது. அங்கே பாலங்கள் உடைந்திருந்தன. தெருக்களில் கண்ணிவெடி. லொறி போகமுடியாத இடங்களுக்குத் தண்ணீரும் மாவும் மண்ணெண்ணெயும் கழுதை முதுகில்தான் போயின. கழுதை படுத்தால் அந்த வீடும் படுத்துவிடும்.

மருந்து பொதிசெய்து அனுப்புவது என் பொறுப்பு. சம்பளமில்லை. ஆனால் என் தொழிலுக்குக் கிட்ட நிற்க எனக்கிருந்த ஒரே இடம் அது.

கழுதைக்கும் குதிரைக்கும் டெட்டனஸ் என்கிற ஏற்புவலி மற்ற மிருகங்களைவிடச் சுலபமாக வரும். ஆணி குத்தினாலும் போதும், குண்டுச் சிதறல் கீறினாலும் போதும். தாடை இறுகிவிடும். நான்கு காலையும் அகட்டிக்கொண்டு நிற்கும். வாளியில் தண்ணீர் இருக்கும், குடிக்க முடியாது. ஒரு கதவு அடிபட்டாலே உடல் முழுதும் விறைத்துத் துடிக்கும். காயம் பட்டவுடன் எதிர்மருந்து ஊசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அந்த மருந்து குளிரில் இருக்கவேண்டும். குழு கூடும் தேவாலய மண்டபத்தின் குசினியில் ஒரு குளிர்சாதனப் பெட்டி வைத்திருந்தோம். நாளுக்கொரு தடவை அதன் வெப்பநிலையைப் பார்த்துத் தாளில் எழுதவேண்டும். வேலை முடிந்து வரும் வழியில் நான் அதைச் செய்தேன்.

வானோடு போயிருந்தவள் ஓர் இளம் மிருக வைத்தியர். இந்த ஊர்ப் பெண்; அங்கே வானை ஓட்ட அந்நாட்டு ஆள் ஒருவர் இருந்தார். போகுமுன் பிரன்ஸ்விக் பக்கத்துப் பால் வண்டிக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்து வந்தாள். அப்போதும் அந்தப் பகுதியில் சில தெருக்களுக்குப் பால் குதிரை வண்டியில்தான் வந்தது. ஒருநாள் என்னையும் கொட்டிலுக்குக் கூட்டிப்போனாள். குளம்புக்குள் சீழ் கட்டிய ஒரு குதிரை. வெட்டும் கத்தியை என் கையில் தந்தாள். "எனக்கு இங்கே அனுமதி இல்லை," என்றேன். "குதிரை அதைக் கேட்கவில்லையே," என்றாள். இந்த நாட்டுக்கு வந்தபின் நான் செய்த முதல் வைத்தியம் அது.

அந்த ஆண்டு தைப்பொங்கல் சனிக்கிழமை வந்தது. ஊரில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம். மண்டபத்தைப் பூட்டித் திறக்கும் திறப்பு என்னிடம் இருந்ததால் அங்கேயே பொங்குவதென்று முடிவாயிற்று. அன்று கடும் வெயில். முற்றத்தில் கல் வைத்து, பானைக்கு மஞ்சள் கட்டியபிறகு ஒருவர் காரிலிருந்து ஓடிவந்தார்.

"அண்ணை, ரேடியோவிலை சொல்லுறான், காடு பத்துமெண்டு இண்டைக்கு வெளியிலை நெருப்பு மூட்டக்கூடாதாம். மூட்டினா பொலிஸ் பிடிச்சு மறியல்லை போடுமாம்."

"அப்ப பொங்கல்?"

"பானை என்னத்துக்கு? சூரியன் எங்களையெல்லோ பொங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குள் வயதில் மூத்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "குசினிக்குள்ள வைச்சுப் பொங்கேலாது. சூரியன் பாக்கவேணும். கரண்ட் அடுப்பை முற்றத்துக்குக் கொண்டு வாங்கோ. நெருப்போ கரண்டோ எண்டு அவருக்குத் தெரியப்போகுதே?"

நீண்ட வயர் ஒன்று கிடைத்தது. அதைக் குசினி ஜன்னல் வழியாக உள்ளே விட்டோம். ஜன்னலுக்குக் கிட்ட இருந்த ஒரே பிளக்கில் குளிர்சாதனப் பெட்டி குத்தியிருந்தது.

"டொக்டர், உம்மட பெட்டியைக் கழட்டும். அரை மணித்தியாலத்திலை கழுதையளுக்கு ஒண்டும் வராது," என்றார் வயர் கொண்டுவந்தவர்.

"கழுதையளுக்குக் கோபம் வந்தா?"

"வந்தா உம்மைத்தான் உதைக்கும். எங்களை ஏன் உதைக்குது?"

நானும் சிரித்தேன். என் கையாலேயே கழற்றினேன். அரை மணித்தியாலத்தில் பால் பொங்கி வழிந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். சாப்பிட்டோம், கழுவினோம், வயரைச் சுருட்டினேன், மண்டபத்தைப் பூட்டினேன். பிளக்கைத் திருப்பிக் குத்தவில்லை.

ஞாயிறும் திங்களும் வெயில் நாற்பதைத் தொட்டது. வீட்டில் விருந்தினர். நான் மண்டபத்துக்குப் போகவில்லை. செவ்வாய் மாலை, மறுநாள் விமானத்தில் அனுப்பவேண்டிய பெட்டியைக் கட்டப் போனேன். கதவைத் திறந்தபோது உள்ளே விளக்கு எரியவில்லை. வெப்பமானி முப்பத்தொன்று காட்டியது. குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மருந்து தெளிவாகவே இருந்தது. கெட்டாலும் அது தெளிவாகத்தான் இருக்கும்.

மூன்று நாள் சூட்டில் அந்த மருந்து முழுதாக வீணாகிவிடாது என்று படித்திருக்கிறேன். எவ்வளவு வீணாகும் என்று தெரியாது. பாதிப் பலனாவது இருக்கும், ஒன்றும் இல்லாததைவிட அது மேல் என்று பிற்காலத்தில் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த மாலையில் அப்படி எதுவும் நினைக்கவில்லை. முதியவர் அந்த வாரம் என் சிபாரிசுக் கடிதத்தை எழுதுவதாகச் சொல்லியிருந்தார். அதை மட்டும்தான் நினைத்தேன். பிளக்கைக் குத்தினேன். பெட்டி குளிரும்வரை ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பேனையை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கடிதம் கிடைத்தது. நல்ல கடிதம். என்னைக் கவனமானவன் என்று எழுதியிருந்தார்.

மார்ச்சில் வானோடு போயிருந்தவளிடமிருந்து முதல் செய்தி வந்தது. ஊசி போட்ட ஒரு கழுதைக்கு ஏற்புவலி வந்து இறந்துவிட்டது. ஒன்றென்றால் நடக்கக்கூடியதுதான். அடுத்த கடிதத்தில் மேலும் சில. அவற்றுள் ஒன்று, கணவனை இழந்த ஒரு பெண் தண்ணீர் சுமக்க வைத்திருந்த கழுதை. அதன்பிறகு வானைக் கண்டால் ஆட்கள் மிருகங்களைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள் என்று எழுதியிருந்தாள். 'இந்த ஊசிதான் கொல்கிறது என்று பேசுகிறார்கள். நான் எங்கே பிழை விட்டேன் என்று தெரியவில்லை.'

குழு கூடியது. முதியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இங்கிருந்து போகும்போது எல்லாம் சரியாக இருந்ததா?"

"சரியாக இருந்தது. தாள் இருக்கிறது."

தாளைக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "அப்படியானால் வானிலுள்ள ஐஸ் பெட்டிதான். சின்னப் பெண். தனியாக அனுப்பியிருக்கக்கூடாது." அறிக்கையில் 'களத்தில் மருந்தைக் குளிரில் பேணியதில் தவறு' என்று ஒரு வரி எழுதப்பட்டது. அவளைத் திருப்பி அழைத்தார்கள்.

மே மாதம் அவள் மண்டபத்துக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். மிச்ச மருந்தையும் திறப்புகளையும் என்னிடம் ஒப்படைத்தாள். "மீன்காரரிடம் தினமும் புது ஐஸ் வாங்கினேன்," என்றாள். "பகலில் மூன்று தடவை பார்த்தேன். உங்கள் நாடும் வெயில் நாடுதானே, நீங்கள் எப்படிச் செய்வீர்கள்? நான் எதை விட்டுவிட்டேன்?"

என்னைச் சந்தேகித்துக் கேட்கவில்லை, படித்துக்கொள்ளக் கேட்டாள். நான் மரத்தூள், ஈரச் சாக்கு என்று ஏதோ சொன்னேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

பரீட்சையின் முதற் பகுதியில் சித்தியடைந்தேன். மகிழ்ச்சி வரவில்லை. துக்கமும் வரவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். அவள் வைத்தியத்தை விட்டுவிட்டு ஒரு தீவனக் கடையில் நிற்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: "இப்ப சொல்லி என்ன செய்யப்போறியள்? செத்த கழுதை எழும்புமே?"

"இல்லை."

"பரீட்சை?"

"போயிடும்."

தண்ணீரை நிறுத்தினாள். "அந்தப் பிள்ளையும் படிச்சுத்தானே வந்தவள்," என்றாள். "போய்ச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வந்து எனக்கு ஆறுதல் சொல்லச் சொல்லிக் கேக்காதையுங்கோ."

செப்டம்பரில் ட்ராம் எடுத்துத் தீவனக் கடைக்குப் போனேன். அவள் சாக்கில் ஓட்ஸ் அள்ளிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். அவள் அள்ளுவதை நிறுத்தவில்லை.

"எத்தனை நாள்?"

"சனி பகலிலிருந்து செவ்வாய் மாலைவரை."

"உள்ளே எவ்வளவு?"

"முப்பத்தொன்று."

"அதைப் பார்த்தீர்களா, ஊகித்துச் சொல்கிறீர்களா?"

"பார்த்தேன்."

சாக்கின் வாயைக் கட்டினாள். "அதனால்தான் செத்தன என்று இப்போதும் சொல்லமுடியாது. மருந்து நன்றாகவே இருந்து, ஊசி பிந்திப் போட்டதால் செத்திருக்கலாம். இல்லாவிட்டால் உண்மையிலேயே என் ஐஸ் பெட்டியாக இருக்கலாம். இனி அது எனக்குத் தெரியவராது. அந்தத் தாளில் முப்பத்தொன்று என்று இருந்திருந்தால் தெரிந்திருக்கும்."

"ஓம்," என்றேன். ஆங்கிலத்தில் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"அந்தத் தண்ணீர்க்காரப் பெண்ணிடம், ஊசி போட்டாயிற்று, பயப்படாதே என்று சொன்னேன். பிறகு கழுதையை இருட்டறைக்குள் விட்டு, காதில் பஞ்சு வைத்தோம். சத்தம் கேட்கக்கூடாதென்று அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடந்தாள். பிள்ளைகளை அயல்வீட்டுக்கு அனுப்பினாள். நான்காம் நாள் அதை முடித்துவிட என்னிடம் மருந்தில்லை. சோதனைச் சாவடிக்குப் போய் ஒரு சிப்பாயைத் துப்பாக்கியோடு கூட்டிவந்தது நான்தான்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மன்னிப்புக் கேட்க வந்தீர்களா?"

"அதற்கும்தான்."

"அது வேண்டாம். குழுவுக்கு எழுதிக் கொடுங்கள்."

எழுதிக் கொடுத்தேன். முதியவர் அதை இரண்டு தடவை வாசித்தார். கோபிக்கவில்லை. "அந்த வெப்பநிலைத் தாளை நம்பித்தானே அவளைத் திருப்பிக் கூப்பிட்டேன்," என்று மட்டும் சொன்னார். தன் சிபாரிசை விலக்கிக்கொள்வதாகவும் சொன்னார். அது நியாயம். ஆனால் குழுவின் செயலாளர் வேறுமாதிரி யோசித்தார். மருந்தை நாங்களே கெடுத்து அனுப்பினோம் என்று வெளியே தெரிந்தால் உதவுகிறவர்கள் விலகிவிடுவார்கள், வான் நின்றுவிடும் என்றார். கடைசியில் அறிக்கையிலிருந்த வரியை வெட்டிவிட்டு, 'காரணம் நிச்சயமாகத் தெரியவில்லை' என்று எழுதினார்கள். என் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டேன். "அதனால் யாருக்கும் பயனில்லை," என்றார் செயலாளர்.

மிருக வைத்தியர்களைப் பதிவுசெய்யும் சபைக்கும் எழுதினேன். பதிவுசெய்யப்படாதவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கத் தங்களுக்கு அதிகாரமில்லை என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள். பரீட்சையின் அடுத்த பகுதியை நான் எழுதவில்லை. இறைச்சித் தொழிற்சாலையில் பரிசோதகர் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதில்தான் இருந்தேன்.

மாற்றிய அறிக்கையின் பிரதியை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "பிழை விட்டது நானும் இல்லை, நீங்களும் இல்லை. யாருமே இல்லை. இதை யாருக்குக் காட்டி நான் வேலை கேட்பது?"

"என்ன செய்யட்டும்?"

"எனக்கென்று எழுதித் தாருங்கள். நாள், வெப்பநிலை, குழு உங்களைக் கேட்டபோது நீங்கள் சொன்ன பதில், எல்லாம். சமாதான நீதவான் ஒருவர் முன்னால் வைத்து."

சனிக்கிழமை ஒரு மருந்துக்கடையின் பின்னறையில், அந்தக் கடைக்காரரே நீதவான், அவர் முன்னால் சத்தியக் கடதாசி முடித்தேன். அவர் வாசித்துவிட்டு, "கழுதைகளா?" என்று கேட்டார். "ஆம், கழுதைகள்," என்றேன். முத்திரை குத்தினார்.

அந்தக் கடதாசியை அவள் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இணைத்து அனுப்பியதாக அறிந்தேன். இரண்டு இடங்கள் பதில் போடவில்லை. மூன்றாவதாக ஓர் அமைப்பு என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தது. எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். அவர்கள் அவளை எடுத்தார்கள். வேறொரு நாடு, வேறொரு சண்டை, இன்னொரு வான்.

போவதற்கு முந்திய வாரம் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"வியாழக்கிழமை போகிறேன்."

"பழைய இடத்துக்குப் போகமுடியாதா?"

"அங்கே என்னை ஒரு கழுதைக்குக் கிட்ட விடமாட்டார்கள். எந்தக் கடதாசியைக் காட்டுவது? அவர்கள் வாசிக்கிற ஆட்கள் இல்லை."

"அந்தத் தண்ணீர்க்கார அம்மாவுக்கு, வானோட்டியிடம் சொல்லி அனுப்ப முடியாதா? நான் எழுதித் தருகிறேன்."

"கேட்டுப் பார்த்தேன்," என்றாள். "அந்த ஊரில் இப்போது யாரும் இல்லை."

விமான நிலையத்துக்கு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பயணத்துக்கு இன்னும் சாமான் கட்டவேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள். யார் கதைத்தது என்று மனைவி கேட்டாள். சொன்னேன். அவள் சோற்றைப் போட்டாள். அதன்பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு செய்தியும் இல்லை.