ரயிலடி மண்டபத்துள் விடையேறி வந்த பெருமான்

பிறை சூடி, விடை ஏறி, வில்லியனூர் வீதிகளை வலம் வரும் பெருமானே, எழுதப் புகுந்த என் நடுங்கும் கையை நீயே பற்றி நடத்தி அருள்க. உன் புகழோடு எங்கள் ஊராரின் பெருமையையும் சேர்த்தே சொல்லப் புகுந்தேன். சொல்லில் குற்றம் இருப்பின் பொறுத்துக்கொள்க.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம் அது. மாசித் திங்களில் மக நட்சத்திரமும் முழுமதியும் கூடிய நன்னாளில், எங்கள் புதிய ரயிலடியின் முகப்பு மண்டபத்துள் இறைவன் முதன்முதலாக எழுந்தருளினார். அவர் எழுந்தருளிய விதத்தைக் கண்ணால் கண்டவன் நான்; கண்டவன் மட்டுமல்லன், விடை வாகனத்தைச் சுமந்த ஸ்ரீபாதம் தாங்கிகளில் ஒருவனுமாவேன்.

பழைய ரயிலடி ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை, அவ்வளவே. மேடை மிகத் தாழ்ந்தது. புதுச்சேரி ஆலைக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பெட்டியில் தொற்றி ஏறுவார்கள். மழைக்காலத்தில் பாகூர்ப் பக்கத்து வெல்ல மூட்டைகள் வெளியே கிடந்து கசியும்; எறும்புகளுக்குத்தான் விருந்து. அந்தக் கொட்டகையை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்ட உத்தரவு வந்தபோது ஊரே சுண்ணாம்பு மணத்தது. மேடை உயர்ந்தது. சரக்குக்குத் தனிக் கிடங்கு எழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாட்டு வண்டியும் ஜட்காவும் பாகூரிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கிய மோட்டாரும் ஒரே நிழலில் வந்து நிற்கும்படி, வளைவு வைத்த முகப்பு மண்டபம் ஒன்று அமைந்தது. ரயிலை விட்டு இறங்குகிறவர் ஒரு துளி நனையாமல் வண்டி ஏறலாம். கடலூர்க்காரர்களுக்கே இப்படி வாய்க்கவில்லை என்று சந்தையில் எங்கள் ஊரார் மார்தட்டிக்கொண்டதை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் தட்டியவனே.

அம்மண்டபத்தைக் கட்டிய மேஸ்திரி என் தமையனார்.

மாசி மகத்தன்று இறைவன் விடை வாகனத்தில் கடலாடப் புறப்படுவார். செல்லும் வழியில் ரயிலடி வாசலில் ஒரு மண்டகப்படி உண்டு. வண்டிக்காரர்களும் மூட்டை சுமப்பவர்களும் தங்கள் செலவில் பூசையும் நிவேதனமும் நடத்தும் இடம் அது. அதுவரை அவர்களுக்கு வாய்த்தது ஓலைப்பந்தல்தான். எஞ்சினீர் வரைந்த படத்தில் வளைவு தாழ்வாக இருந்ததைக் கண்ட தமையனார், இறைவன் உள்ளே வந்து நிற்கும்படி அதை உயர்த்தித் தரவேண்டும் என்று அவரிடம் நடையாய் நடந்தார். உயரத்தை அளந்து வந்து சொல்லும்படி கூறி எஞ்சினீர் இசைந்தார். அன்று மாலையே தமையனார் வண்டிக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் நின்று வாக்குக் கொடுத்தார்: “இந்த வருசத்துலேர்ந்து சாமி உங்க மண்டபத்துக்குள்ளதான் நிப்பாரு. குடை சாயாம வருவாரு. இது என் வாக்கு.”

கோயிலின் வாகன மண்டபத்தில் கயிறு பிடித்து அளந்தார்கள். குருக்களும் ஊர்ப் பெரியவர்களும் உடனிருந்தார்கள். விடையின் உயரம், அதன்மேல் பீடம், பீடத்தின்மேல் திருமேனி, பின்னே நட்ட வெண்குடை, குடையின் கலசத்தில் சாத்தும் பூச்செண்டு என எதையும் விடவில்லை. அதற்கும் மேல் ஒரு முழம் கூட்டினார்கள். அந்த அளவுப்படியே வளைவு எழுந்தது.

மகத்தன்று காலை, மேளம் முழங்க, நாங்கள் ரயிலடி வாசலை அடைந்தோம். மண்டபம் முழுவதும் மாவிலையும் கரும்பும் கட்டியிருந்தார்கள். வளைவுக்குச் சில அடி முன்னே சுமக்கும் எங்களுக்குத் தலைவர், தமையனாருக்கு மாமன் முறை ஆனவர், உரக்கக் கத்தினார்:

“நில்லு! நில்லுங்கடா! குடை இடிக்கும்!”

தமையனார் ஓடிவந்தார். “இடிக்காது மாமா. குடையோட அளந்தேன், பூவோட அளந்தேன். மேல ஒரு மொழம் வேற வுட்டுக்கீறேன்.”

“எங்க வச்சு அளந்த?”

“வாகன மண்டபத்துல.”

“தரையில நின்னுச்சா?”

“தரையிலதான்…” என்ற தமையனாரின் வாய் அப்படியே நின்றுவிட்டது.

“அப்ப எங்க தோளு இன்னாடா ஆச்சு?”

கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. “மாட்டுக்குத்தான் நாலு காலு கீதே, நடந்து வரும்னு நெனச்சுட்டாருபா மேஸ்திரி!” என்று ஒரு வண்டிக்காரர் குரல் கொடுத்தார். நானும் சிரித்திருப்பேன், தோளில் பாரம் இருந்தது. பூச்செண்டை நினைத்தவர்களில் ஒருவருக்கும் சுமப்பவர் நினைவு வரவில்லை. எங்களுக்கே எங்கள் நினைவு வரவில்லையே! இறைவன் திருவுலா வருகிறார் என்றுதான் நாங்கள் சொல்வோம். நாங்கள் தூக்கி வருகிறோம் என்று ஒருநாளும் சொல்லியதில்லை.

“ரயில் வர்ற நேரம். குடையைக் கழட்டிட்டு உள்ள போங்க, இல்லன்னா வெளியவே பூசையை முடிங்க” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

“ஏறின குடை கடற்கரை சேரற வரைக்கும் இறங்கப்படாது. வாகனமும் அது வரைக்கும் தரையைத் தொடப்படாது” என்றார் குருக்கள்.

வண்டிக்காரர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஓலைப்பந்தலும் அவ்வாண்டு போடவில்லை. வெயிலில் ஒரு பூசை, அதன்பின் இறைவன் போய்விடுவார் என்பது அவர்களுக்குப் புரிந்தது. தமையனார் மேல்துண்டை இடுப்பில் கட்டினார்.

“கடப்பாரை கொண்டாங்கடா. நான் கட்டுனத நானே இடிச்சுடறேன்.”

“சும்மா இருடா!” என்று தலைவர் அதட்டினார். “சாமி எறங்கக் கூடாது. நாம எறங்கலாமில்ல? தண்டைத் தோள்லேர்ந்து கைக்கு வாங்குங்க. முட்டிய மடக்குங்க. தரையில பட்டுச்சோ, தோல உரிச்சுடுவேன்!”

தோள் சுமப்பது பழக்கம். கை சுமப்பது வேறு. தண்டுகளைத் தோளிலிருந்து மெல்ல வழியவிட்டு இரு கைகளாலும் தொங்கவிட்டு ஏந்தினோம். முழங்கால் மடங்கியது. விடையின் குளம்புகள் தரையைத் தொடாமல் தாழ்ந்து மிதந்தன. அரை அடி நகர்வோம், மூச்சு வாங்குவோம், மீண்டும் நகர்வோம். மேளக்காரர்கள் வாசிக்க மறந்து நின்றார்கள். என் விரல்கள் என்னுடையவை அல்ல என்று தோன்றிய நேரத்தில், எனக்குத் தெரிந்த பதிகமெல்லாம் நெஞ்சுக்குள் ஒரே சமயத்தில் ஓடியது. மேலே பூச்செண்டு வளைவை உரசியது. இரண்டு அரளிப்பூ உதிர்ந்து தலைவரின் முதுகில் விழுந்தன. வெண்குடை அசையாமல் உள்ளே வந்தது.

அண்ணாந்து பார்த்தே பழகிய வண்டிக்காரர்களும் மூட்டைக்காரர்களும் அன்று இறைவனின் முகத்தை வெகு அருகில் கண்டார்கள். அப்போது எழுந்த முழக்கத்தில் புதுச் சுவர்கள் அதிர்ந்தன. தீபாராதனை நடக்கையில் ரயிலும் வந்து நின்றது. இறங்கிய பயணிகள் உயர்ந்த மேடையிலிருந்தே கைகூப்பினார்கள்.

தமையனார் எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அடுத்த வருசம் வளைவ ஏத்திக் கட்டிடறேன் மாமா. எஞ்சினீரு காலுல வுழுந்தாவது கேக்கறேன்” என்றார்.

தலைவர் சிவந்து கன்றிய தம் உள்ளங்கைகளைப் பார்த்தார். சுற்றி நின்ற வண்டிக்காரர்களின் முகங்களையும் பார்த்தார்.

“வாணாம்பா. அப்படியே கெடக்கட்டும். இவங்க இன்னிக்குப் பாத்த மாதிரி வருசா வருசம் பாக்கட்டும். நாங்க ஏந்திக்கிறோம்.”

அவ்வாறே, என் கைகளில் வலு இருந்த மகந்தோறும் ஏந்தினேன்.

இதனை வாசிக்கும் அனைவரும் வயலில் விளைவும் மனையில் மகிழ்வும் குறையாது பெறுக. போகும் வழியெல்லாம் நிழல் வாய்க்க, போன காரியம் கூடி, நலமே இல்லம் சேர்க. விடையேறிய பெருமான் உங்கள் முகத்தருகே வந்து நின்று அருள்க.