மணமில்லாத தைலம்

எங்கள் பீங்கான் யூனிட்டில் மேஸ்திரிக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை. காலையில் கேட்டருகே நிற்பார். பெண்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். யார் மேலாவது தைல வாடை அடித்தால், "ஒடம்பு முடியலியாம்மா? வூட்ல ரெஸ்ட் எடுத்துட்டு அப்புறமா வாங்க" என்பார். அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததில்லை. வலிக்கிற கை வேலையைக் கெடுக்கும் என்பது அவர் சித்தாந்தம். கை ஏன் வலிக்கிறது என்பது மட்டும் அந்த மூக்குக்கு எட்டாது.

அதனால் எங்கள் தெரு சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் மணக்கும். மறுநாள் லீவு. நொச்சியையும் வாதநாராயணன் இலையையும் நல்லெண்ணெயில் காய்ச்சி, தேன்மெழுகும் கற்பூரமும் போட்டு நான் கிண்டுகிற தைலத்தை அன்றைக்கு அள்ளி அள்ளிப் பூசிக்கொள்வோம். ஞாயிறு சாயங்காலம் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவோம். மற்ற நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் அக்காவுக்கு அது போதவில்லை. பியூஸ் கட்டை அடிக்கிற கைப்பிரஸ்ஸில் அவளுக்கு வேலை. அச்சில் மண்ணைப் போட்டு, தலைக்கு மேலிருக்கும் இரும்புக் கையை இழுத்து அழுத்த வேண்டும். வலது தோள் வீங்கிப் போயிருந்தது. கட்டியவன் வேப்பூர் பக்கம் வேறு குடித்தனம் வைத்துக்கொண்ட பிறகு, அந்த பிரஸ்தான் அவளுக்கும் அவள் பெண்ணுக்கும் சோறு போட்டது. அது போனால் அவளுக்கு வேறு போக்கில்லை.

"வாடையே அடிக்காம ஒன்னு காச்சிக் குடுடி" என்றாள்.

காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டுச் சிறுதீயில் காய்ச்சி வடிகட்டினேன். கற்பூரம் இல்லை, இலை இல்லை. பூசிக்கொண்டால் அடுப்படியிலிருந்து வந்தவள் மாதிரிதான் வாடை இருக்கும். எந்தப் பொம்பளை அப்படி இல்லை? சூளைச் சூட்டில் வியர்க்கும்போது தோள் தீயாய் எரியும். அந்த எரிச்சலில் வலி தெரியாது. மேஸ்திரியைத் தாண்டி அவள் தினமும் தலை நிமிர்ந்து உள்ளே போனாள்.

அவளைக் கெடுத்தது அவளுடைய நல்ல மனசு. ஒரு நாள் டீ குடிக்கும் நேரத்தில் மேஸ்திரி முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினார். எந்தத் தைலமும் கேட்கவில்லை என்றார். நன்றாக வேணும் என்று நான் டீயை ஊதிக் குடித்தேன். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க வூட்ல ஒரு தைலம் இருக்குதுங்க. வாடையே அடிக்காது. நாளைக்குக் கொண்டாரேன்."

நான் அவள் காலை மிதித்தேன். சொன்னது சொன்னதுதான். மறுநாள் பாட்டிலைச் சிரித்த முகத்தோடு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "இத்தினி நாளா இதப் பூசிக்கினுதான் பிரஸ்ஸ இழுத்தியாம்மா?" என்று அன்பாகக் கேட்டார். "ஆமாங்க" என்றது அந்தப் பைத்தியம். மத்தியானம் அவள் பிரஸ்ஸில் சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து வந்த புதுப் பெண் ஒருத்தி நின்றாள்.

இப்போது அவர் மோந்து பார்ப்பதில்லை. கேட்டில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்கிறார். தோள் வலித்துக் கை ஏறாதவளுக்கு அன்றைக்கே ரெஸ்ட். போலீஸ் பிடித்தவர்கள் மாதிரி நாங்களும் தூக்கிக்கொண்டு போகிறோம். அவர் முட்டிக்கு அந்த எண்ணெய் நன்றாகக் கேட்கிறதாம். தீர்ந்தால் என்னிடம் சொல்லி அனுப்புகிறார். அக்கா காய்ச்சிக் கொடுக்கிறாள். என்றைக்காவது திரும்பக் கூப்பிடுவார் என்று அவளுக்கு நம்பிக்கை.

போன வாரம் அவள் காய்ச்சும்போது பக்கத்தில் நின்றேன். "இன்னும் ரெண்டு கைப்பிடி மொளவா அள்ளிப் போடு" என்றேன்.

"வேணாம்டி. அவரு தாங்க மாட்டாரு" என்றாள்.