சப்பாத்தோடு எடுத்த படம்

இமயமலையில் ஒன்பது நாள் நடந்து எடுத்த படங்களை, புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் வெரிபீயில் என் வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். வழியில், ஒரு காலத்தில் இராணுவம் சனத்தை வெளியேற்றி, இப்போதுதான் பயணிகளுக்குத் திறந்துவிட்ட எல்லைக் கிராமம். அங்கே ஒரு பாழ்வீட்டுக்குள் நான் பல்லிளித்துக்கொண்டு நின்ற படத்துக்குத்தான் பெரிய கைதட்டல்.

தற்காலிக விசாவில் இருக்கும் குமார் மட்டும் தட்டவில்லை. அகதியாய்ப் படகில் வந்தவனுக்கு மலையின் அருமை எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

"சப்பாத்தோடயோ அண்ணை உள்ளுக்குப் போனனீங்கள்?" என்று கேட்டான்.

"ஆருமில்லாத வீடுதானே."

"ஊரில எங்கட வீட்டையும் ஆமி பிடிச்சு வைச்சிருந்து இப்பதான் விட்டவங்கள். நான் இஞ்ச நிக்கிறன். அதுவும் ஆருமில்லாத வீடுதான்."

வந்தவர்களின் சப்பாத்துகள் எல்லாம் வாசலில் கிடந்தன. என் வீட்டுக்குள் ஒருவரையும் சப்பாத்தோடு விடாத பெரிய மனிதன் நான்.