தனி அடுப்பு

மதிவதனிக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்காகத்தான் செங்கம் ரோட்டு டிரஸ்ட் கிளினிக்கில் அவளுக்கு வேலையே கொடுத்தார்கள். அங்கே வரும் ஏழைபாழைகளுக்கு அரசுக் காப்பீட்டு அட்டை வாங்கித் தர வேண்டும். எந்த ஆபீசில் எந்த மனு எந்த மேசையில் படுத்துத் தூங்கும் என்பது அவளுக்கு அத்துப்படி.

அப்படி வந்தவள்தான் உண்ணாமுலை, அடி அண்ணாமலை ஊர்க்காரி. ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் பெட்ஷீட் துவைப்பவள். புருஷன் இல்லை. ஐம்பத்தாறு வயசில் இதய வால்வு கெட்டு, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஆபரேஷன் செய்யாவிட்டால் வருஷம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அட்டை கிடைத்தால்தான் ஆபரேஷன். ஆனால் அவள் பேர் மகன் வல்லரசின் ரேஷன் கார்டில் இருந்தது. அவனோ கம்பெனி சம்பளக்காரன். வருமானம் வரம்பைத் தாண்டுகிறது என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள்.

மதிவதனி நேரே வீட்டுக்கே போனாள்.

"அம்மாவுக்குத் தனி ரேஷன் கார்டு வாங்கினாதான் ஆவும். தனியா சமைக்கிறாங்களான்னு பாக்க ஆபீசுல இருந்து ஆளு வருவாங்க. பின்னால கொட்டகையில ஒரு அடுப்ப வெச்சி, நாலு பாத்திரத்தக் கவுத்து வைங்க. பாத்துட்டுப் போனதும் எடுத்துடலாம்."

வல்லரசு தயங்கினான். "அம்மாவத் தனியா தள்ளிட்டேன்னு ஊர்ல பேசுவாங்கக்கா."

"உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? பேசினா பேசிட்டுப் போறாங்க. உயிரு முக்கியம்" என்று மடக்கினாள். மருமகள் கீர்த்தனா அன்றைக்கே அடுப்பை வைத்துவிட்டாள்.

பொய்தான். இந்த மாதிரிப் பொய்யெல்லாம் பார்த்தால் ஏழை பிழைக்க முடியுமா? ஆள் வந்தார், அடுப்பைப் பார்த்தார், போனார். ரேஷன் கார்டு வந்தது, பின்னாலேயே காப்பீட்டு அட்டையும் வந்தது. வேலூரில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று கிளினிக்கில் மதிவதனி எல்லோருக்கும் மைசூர்பாக்கு வாங்கிக் கொடுத்தாள்.

நாலு மாசம் கழித்து, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று பார்க்கப் போனாள். உண்ணாமுலை கொட்டகையில் தனியாக உட்கார்ந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். முன்வீட்டிலிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது.

"இன்னுமா இத எடுக்கல?"

"எங்க எடுக்கறது? தனிக் கார்டுக்கு அரிசி தனியா வருதில்ல, தனியாவே பொங்கிக்கங்கன்னு மருமவ சொல்லிட்டா. அவனும் சரின்னுட்டான்."

மதிவதனி விறுவிறுவென்று முன்வீட்டுக்குப் போய் வல்லரசைப் பிடித்துக்கொண்டாள். அவன் போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நீங்கதானக்கா வெக்கச் சொன்னீங்க."

மதிவதனிக்கு அந்த நீள நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது. திரும்பக் கொட்டகைக்கு வந்தாள்.

"எம் பேரப் பழையபடி அவன் கார்டுலயே சேத்துடு மதி" என்றாள் உண்ணாமுலை.

"சேத்தா காப்பீடு போயிடும்மா. நாளைக்கு மறுபடியும் நெஞ்சு வலின்னா இன்னா பண்ணுவீங்க?"

"வந்தா வரட்டும். சோறு துன்னும்போது பக்கத்துல ஒரு ஆளு இருந்தா போதும்."

மதிவதனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப வல்லரசு கையெழுத்துப் போடணும். இப்பவே போய்க் கேக்கறேன்."

உண்ணாமுலை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்காத. மாட்டேன்னு அவன் வாயால சொல்லி நான் கேக்க வாணாம்."