பசை காயமுதல்

செயற்கைப் புல்லுக்கு வெயில் ஆகாது எண்டு சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டினம். பிளாஸ்டிக்தானே, அதுக்கென்ன எண்டு கேப்பினம். காத்தே வேர்த்து ஒழுகிற ரொறன்ரோ ஆடி மாதத்தில, மத்தியானம் அந்தப் புல்லில ஒருக்கா முழங்காலைக் குத்திப் பாருங்கோ, தெரியும். அதால நாங்கள் விடிய ஆறு மணிக்குத் தொடங்கி, பத்து மணிக்குள்ள ஒட்டு வேலையை முடிச்சுப்போடுவம்.

நாங்கள் எண்டா நானும் ஒரு நானாவும். அவர் புத்தளத்தால வந்த முஸ்லிம் மனுசன், என்னைவிடப் பத்து வயது மூப்பு; அவையின்ரை பேச்சில அண்ணனை நானா எண்டுதான் கூப்பிடுறது. ஸ்காபரோவில எந்த மைதானம் கிழிஞ்சாலும் பொஸ் எங்கள் ரெண்டு பேரையும்தான் வான் வண்டியில அனுப்புவான். கிழிஞ்ச துண்டை வெட்டி எடுத்து, அடியில நாடா விரிச்சு, பசை பூசி, புதுத் துண்டை வைச்சு அமத்திறது. சொல்ல லேசு. புழுக்கத்தில பசைக்குப் பொறுமை இல்லை. ஐஞ்சாறு நிமிசத்தில, பாலில ஆடை பிடிச்ச மாதிரி மேல தோல் பிடிச்சிடும். அதுக்குப் பிறகு தலைகீழா நிண்டாலும் ஒட்டாது.

வன்னியில இருந்த என்ரை அக்காவுக்கு இந்த வேலையை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு! "புல்லை ஒட்டுறியோ? ஏன்ரா, உங்க புல்லும் முளைக்காதோ?" எண்டு கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சவ. எனக்கு இருந்த ஒரே உடன்பிறப்பு அவ. நாங்கள் கதைக்கிறதுக்கு ஒரு முறை இருந்தது. அவ மணி அடிக்கவிடுவா. நான் எடுக்காமல் கட் பண்ணுவன். பிறகு கடையில வாங்கின போன் காட்டைச் சுரண்டி, அதில இருக்கிற நீட்டு நம்பரைக் குத்தி, நான் அவவுக்கு எடுப்பன். அங்கையிருந்து எடுத்தா செலவு அவையின்ரை தலையில, அதை விடலாமோ? வெளிநாட்டில இருக்கிற எங்கட சனத்துக்கு இதைச் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை. கை தன்ரை பாட்டில கட் பண்ணும்.

ரெண்டாயிரத்தி ஒன்பது வைகாசியில சண்டை முடிஞ்சுது எண்டு ரீவி சொல்லிச்சுது. அக்கா உயிரோட இருக்கிறாவோ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. கடைசியா அவவின்ரை குரலைக் கேட்டது அதுக்கு முந்தின பனிக்காலத்தில. ஆமி சனத்தை அடைச்சு வைச்ச முகாமில இருக்கிற ஆக்களின்ரை பேர் எண்டு ஆர் எந்தப் பட்டியலை அனுப்பினாலும் விரல் வைச்சு வாசிச்சன். பிளாசாவில மரக்கறி வாங்க வந்த முன்பின் தெரியாத ஆக்களையும் மறிச்சுக் கேட்டிருக்கிறன். விசரன் எண்டு நினைச்சிருப்பினம். நினைக்கட்டும்.

ஆடி மாதம், மோர்னிங்சைட் பக்கம் ஒரு உதைபந்து மைதானம். மூலைக் கொடிக்குக் கிட்ட ஒரு பாய் அகலத்துக்குக் கிழிசல். பசை பூசியாச்சு. நானா ஒரு கரை, நான் மற்றக் கரை, புதுத் துண்டைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம். பொக்கற்றுக்குள்ள போன் அடிச்சுது. ஒரு கையால இழுத்துப் பாத்தன். தொண்ணூற்றிநாலில தொடங்கிற நம்பர், நான் முந்திக் காணாதது.

"ஊர் நம்பரா? எடுங்க தம்பி, எடுங்க!" எண்டார் நானா.

அவர் சொல்லி முடிக்கமுதல் என்ரை பெருவிரல் கட் பண்ணிப்போட்டுது.

துண்டை அப்பிடியே போட்டிட்டு வானுக்கு ஓடினன், போன் காட் அங்கைதான் கிடந்தது. பசைக் கையால சுரண்டி, நம்பரைப் பிழையாக் குத்தி, திரும்பக் குத்தினன். போன் நிப்பாட்டியிருக்கு எண்டு மூண்டு பாசையிலயும் சொல்லிச்சினம். திரும்ப எடுத்தன். திரும்பவும் மூண்டு பாசை. திரும்பி வந்து பாத்தா பசை காய்ஞ்சு போச்சு. நானா தனிய முழங்காலில நிண்டு அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு ஏச்சும் இல்லை. "அல்லாஹ் இருக்கான், திரும்ப வரும்" எண்டு மட்டும் சொன்னார். எனக்கு அந்த நாசமாப்போன பசையில கோவம், போன் காட்டில கோவம், எல்லாத்தையும்விட என்ரை பெருவிரலில கோவம்.

நாலாம் நாள் அந்த நம்பர் வேலை செய்தது. ஒரு பொம்பிளை, குசுகுசுத்த குரல். முகாமில ஒளிச்சு வைச்சிருக்கிற போன் எண்டும், கெதியாக் கதைக்கோணும் எண்டும் சொன்னா. நான் அக்காவின்ரை பேரைச் சொன்னன்.

"ஐயோ, அந்தத் தம்பியோ நீங்கள்?" எண்டா. "அண்டைக்கு இந்தப் போனை வாங்கித்தான் அக்கா எடுத்தவ. நீங்கள் கட் பண்ண, அவவுக்கு வந்த சந்தோசம்! 'ஆள் இருக்கிறான், கட் பண்ணிப்போட்டான், இப்ப எடுப்பான் பாருங்கோ' எண்டு சிரிச்சுக்கொண்டு போனைக் கையில வைச்சிருந்தவ. அதுக்குள்ள ஆமி செக்கிங் வந்திட்டாங்கள். நாங்கள் போனை நிப்பாட்டி மாவுக்குள்ள தாட்டுப்போட்டம்."

"இப்ப அக்கா எங்கை?"

"முந்தநாள் பேர் கூப்பிட்டு பஸ்ஸில ஏத்தினவங்கள். எங்கை எண்டு தெரியேல்லை, தம்பி. வைக்கிறன்."

அவ்வளவுதான். பிறகு எந்தப் பட்டியலிலயும் அக்காவின்ரை பேர் வரேல்லை. நானும் கேக்காத இடமில்லை, எழுதாத கடிதமில்லை. அவ சிரிச்சவவாம். அதை நினைச்சா எனக்கு ஆறுதலும் வரும், அழுகையும் வரும்.

இப்ப எனக்கு எல்லாரும் ஏச்சு. "அப்பா, உது ஸ்பாம், எடுக்காதேங்கோ!" எண்டு மகள் கத்துவாள். வீட்டுக் காத்துக்குழாய் துடைக்கிற டக்ட் கிளீனிங் விக்கிறவன், வரி கட்டேல்லை எண்டு வெருட்டிற கள்ளன், எல்லாருக்கும் முதல் மணியிலயே எடுக்கிற ஆள் நான். பசை பூசியிருந்தாலும் எடுப்பன், கிடந்து காயட்டும். ஹலோ சொல்லுறேல்லை. "ஓம், இருக்கிறன்" எண்டுதான் சொல்லுவன். மற்றப் பக்கம் இங்கிலிசில கதைக்கத் தொடங்கினாப் பிறகும் கொஞ்ச நேரம் வைக்காமல் கேட்டுக்கொண்டு நிப்பன்.