மாடு தின்ற கூரை

காடெல்லாம் கருகிக் கிடந்த அந்த வருஷம், ஊருக்கு மேற்கே இருந்த கரட்டில் மட்டும் புல் நின்றது. ஆள் உயரம், கொத்துக் கொத்தாக. பாறை இடுக்கில் ஒரு பிடி மண் இருந்தால் போதும் அதற்கு. தாளின் அடி லேசாகச் சிவந்திருக்கும். மழை முடிந்ததும் கதிர் விடும். சந்தேகம் வந்தால் ஓர் இலையைக் கசக்கிப் பார்க்கணும், சுக்கும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு நெடி. சுக்குநாறிப் புல். அந்த நெடிக்கே மாடு வாய் வைக்காது. அதனால்தான் அது மிச்சம் இருந்தது.

எங்களுக்கு இருந்தது ஒரே பசு, அதுவும் சினை. கேழ்வரகுத் தாள் தீர்ந்துபோகவே, காரிமங்கலம் சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்றார் அப்பா. அந்த வருஷம் சந்தையில் மாடு பிடித்தவர்கள் கறிக்குத்தான் பிடித்தார்கள்.

"வயித்துல கன்னோட இருக்கறத அனுப்பாதீங்க" என்று அம்மா அழுதாள்.

நான் பதினொன்றாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள். நெடிதானே தடை, அதை எடுத்துவிட்டால்? ஒரு கட்டு அறுத்து வந்து, நறுக்கி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயப்போட்டேன்.

"என்னா புள்ள, மாட்டுக்குச் சளியா? கசாயம் காச்சற?" என்றார் அப்பா.

மேலே தவிடு தூவி வைத்தேன். பசு தவிட்டை நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ரெண்டு நாள் கழித்துப் பார்க்கிறேன், கொட்டகைத் தாழ்வாரத்தை எட்டி இழுத்து மென்றுகொண்டிருக்கிறது! கூரையும் அதே புல்தான். பல வருஷ வெயிலிலும் மழையிலும் நெடி போய்விட்டிருந்தது. "அப்பா, திங்குது!" என்று கத்தினேன். அவர் மாட்டைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்.

முதலில் கொட்டகைக் கூரையைப் பிரித்துப் பசுவுக்குப் போட்டோம். பிறகு வீட்டின் பின்பக்கம்.

"ஏங்க, மழ வந்தா எங்க ஒதுங்கறது?"

"வரட்டுமே. வந்தா நனையலாம்."

வந்தது. ஒரு மத்தியானம் திடீரென்று இருட்டிக்கொண்டு கொட்டியது. அடுப்பு நனைந்தது, அரிசிப் பானை நனைந்தது. அம்மா நனைந்துகொண்டே சிலுவை போட்டுக்கொண்டாள். திறந்த வெளியில் நின்ற பசு அந்தக் குளிரில் படுத்தது. பழைய கூரை வயிற்றை நிரப்பியதே தவிர உடம்பில் ஒட்டவில்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் வயிற்றுக்கடியில் மூங்கில் கொடுத்துத் தூக்கினார்கள். பிடித்திருக்கும்வரை நின்றது, விட்டால் மடங்கியது. "நாளைக்கும் தூக்கலாம்" என்றார் அப்பா. மறுநாளும் தூக்கினோம். அதற்கடுத்த நாள் விடிந்தபோது தூக்க வேண்டியிருக்கவில்லை.

கன்றையும் சேர்த்துத்தான் புதைத்தோம். மழை விடவில்லை. வீட்டின் பின்பக்கத்தை மூடப் பனையோலை கேட்டு வர அப்பா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.